புளிச்ச மாவுக்குள்ள இருந்து வந்த சொல்: வாசகர் கேள்வி பதில்

விஞ்ஞானப் பாடத்துல வர்ற சொல்லு ஏதாவது மனசுல நிக்குதுன்னா எழுதிக் கேளுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்ததுல முதல் கடிதத்துக்கே பாதிக்கு மேல இடம் போயிடுச்சு, மத்தவங்க மன்னிச்சுக்கணும், அந்தக் கடிதம் அப்பிடி.

கேள்வி: நான் பெக்டரியில 22 வருஷமா ரோலர் பக்கமும் பெர்மண்டிங் ரூம்லயும்தான் வேலை செய்றேன். மகள் ஏ.எல். பயோ படிக்கிறா. போன கிழமை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது, "அப்பா, நீங்க செய்றது பெர்மண்டேஷனே இல்ல, அது ஒட்சியேற்றம், என்சைம்தான் அதைச் செய்யுது, பெக்டரியில பிழையாச் சொல்றாங்க"ன்னு சொல்லிட்டா. படிக்கிற புள்ள, சரியாத்தான் சொல்லும். ஆனா எங்க அப்பாவும் அதே ரூம்ல நின்னு அதே சொல்லைத்தான் சொன்னாரு. ரெண்டு தலைமுறையாப் பிழையான சொல்லையா சொல்லிக்கிட்டு இருந்தோம்? அந்த என்சைம்ங்கிற சொல்லு எங்கயிருந்து வந்திச்சு? (தலவாக்கலைப் பக்கத்து வாசகர்)

பதில்: அண்ணே, மகள் சொன்னது சரி. நீங்க சொன்னதும் பிழை இல்ல. ரெண்டு பேரையும் சமாதானப்படுத்துறதுக்காகச் சொல்றேன்னு நினைக்காதீங்க, அந்தச் சொல்லோட கதையே அப்பிடித்தான் போகுது, பாதியில இருந்து சொன்னா மகள் பக்கம் நியாயம், ஆரம்பத்துல இருந்து சொன்னா உங்க பக்கமும் நியாயம்.

மகள் சொன்னதை முதல்ல பார்ப்போம். கொழுந்து மேல் தட்டுல வாடி முடிஞ்சு ரோலருக்குள்ள விழுந்து நசுங்குது இல்லையா, அப்ப இலைக்குள்ள இருக்கிற கலங்கள் உடையுது. உடையாத இலையில கட்டெச்சின்னு ஒரு பொருள் ஒரு பக்கமும், அதை மாத்தக்கூடிய என்சைம் இன்னொரு பக்கமுமா தனித்தனியா இருக்கு, லயத்துல அடுத்தடுத்த காம்பராவுல ரெண்டு குடும்பம் இருந்தாலும் நடுவுல சுவர் நிக்கிற மாதிரி. ரோலர் அந்தச் சுவரை இடிச்சு விட்டுடுது. ரெண்டும் கலக்குது, மேல காத்துல இருக்கிற ஒட்சிசனும் வந்து சேருது, பச்சை கொஞ்சம் கொஞ்சமாப் போய் செப்புக்காசு நிறம் வருது. அந்த என்சைமுக்குப் பேரு பொலிபீனோல் ஒட்சிடேஸ், அதுக்குள்ளயே செம்பு இருக்குங்கிறது எனக்கு எப்பவும் ஆச்சரியமான விஷயம். ஈஸ்ட்டோ பக்டீரியாவோ வந்துதான் இந்த வேலை நடக்கணும்னு இல்ல, அதனாலதான் பாடப் புத்தகம் இதை ஒட்சியேற்றம்னு சொல்லுது.

இதையே வீட்டு அடுப்படியில பார்க்கலாம். கறிக்கு வாழைக்காயை வெட்டி அப்பிடியே பலகையில விட்டுட்டு யாரோ கூப்பிட்டாங்கன்னு வாசலுக்குப் போயிட்டு வந்தா வெட்டுன முகமெல்லாம் கறுத்துப் போயிருக்கும், கத்திரிக்காயும் அப்பிடித்தான். அங்கயும் இதே சாதி என்சைம், இதே ஒட்சிசன். வெட்டினதும் தண்ணியில போடுறது காத்து படாம இருக்கத்தான். வாழைக்காயில நாம தடுக்கிற வேலையைத்தான் பெக்டரியில நேரம் பார்த்து வளர விடுறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, அப்ப பெர்மண்டேஷன்ங்கிற பேரு எப்பிடி வந்து ஒட்டிக்கிச்சு? லத்தீன் மொழியில ஃபெர்வேரேன்னா கொதிக்கிறது. அதுல இருந்து ஃபெர்மெண்டும், அதாவது புளிக்க வைக்கிற பொருள், புளிச்ச மாவு. திராட்சைச் சாறை ஒரு ஜாடியில ஊத்தி வச்சா அடுப்பும் இல்லாம நெருப்பும் இல்லாம அது பொங்கிப் பொங்கி நுரை கட்டுது, பார்த்த ஆளுக்கு அது கொதிக்கிற மாதிரித்தானே தெரியும். நம்ம ஊர்ல கித்துள் கள்ளு முட்டியில பொங்குறதைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்கவே தேவையில்ல. அப்பிடி வந்த சொல்லு பிறகு விரிஞ்சுக்கிட்டே போச்சு, கொஞ்சமாப் போட்டாலும் முழுசையும் மாத்துற எதுவா இருந்தாலும் அதுக்கு ஃபெர்மெண்ட்னு பேரு. ஈஸ்ட்டும் ஃபெர்மெண்ட், வயித்துல சாப்பாட்டைக் கரைக்கிறதும் ஃபெர்மெண்ட்.

1833ல அன்செல்ம் பாயன், ஜான் பிரான்சுவா பெர்சோன்னு ரெண்டு பிரெஞ்சு ரசாயனக்காரங்க முளை விட்ட தானியத்துச் சாறுல இருந்து ஒரு பொருளைப் பிரிச்சு எடுத்தாங்க, அது மாப்பொருளைச் சீனியா மாத்துது, ஆனா உயிரில்லாத வெறும் தூள். 1836ல தியோடர் ஷ்வான்ங்கிற ஜெர்மன்காரரு இரைப்பையில இருந்து சாப்பாட்டைக் கரைக்கிற பெப்சினை எடுத்தாரு. இப்ப சிக்கல் வந்திடுச்சு. ஈஸ்ட்டுங்கிறது உயிருள்ளது, வளருது, பெருகுது. இந்தத் தூளுக்கு உயிர் இல்ல. ரெண்டுக்கும் ஒரே பேரு. பிரெஞ்சு விஞ்ஞானி பாஸ்டர் சொல்றாரு, உயிர் இல்லாம நொதித்தல், அதாவது பெர்மண்டேஷன், நடக்காதுன்னு. ஜெர்மன் ரசாயனக்காரர் லீபிக் சொல்றாரு, இல்ல இல்ல எல்லாமே ரசாயனந்தான்னு. ரெண்டு பெரிய ஆளுங்க வருஷக்கணக்கா மோதிக்கிட்டாங்க, பாதிச் சண்டைக்குக் காரணம் அந்த ஒரே சொல்லு ரெண்டு விஷயத்தைச் சுமந்ததுதான்னு நான் நினைக்கிறேன்.

1876ல ஜெர்மனியில ஹைடல்பேர்க் நகரத்துல வில்ஹெல்ம் கூனேங்கிற உடலியல் பேராசிரியர் இதுக்கு ஒரு வழி பண்ணினாரு. உயிரில்லாத அந்த ஃபெர்மெண்டுகளுக்கு மட்டும் தனியா ஒரு புதுப் பேரு வைப்போம்னு, கிரேக்கத்துல இருந்து ரெண்டு துண்டு எடுத்தாரு. என்ங்கிறதுக்கு உள்ளன்னு அர்த்தம். சூமேன்னா புளிச்ச மாவு. சேர்த்தா என்சைம், புளிச்ச மாவுக்குள்ள இருக்கிறது.

சூமேங்கிற அந்தச் சொல்லு நமக்கு அவ்வளவு தூரம் இல்ல. கொஞ்சம் புளிச்ச மா பிசைஞ்ச மா முழுசையும் புளிக்க வைக்கும்னு பவுல் எழுதின வசனம் கோயில்ல வாசிக்கக் கேட்டிருப்பீங்க, அந்த இடத்துல கிரேக்க மூலத்துல இருக்கிறது இந்தச் சூமேதான். புளிப்பில்லாத அப்பப் பண்டிகைன்னு வேதத்துல வருதே, அதுக்குக் கிரேக்கத்துல அசூமா, அதாவது சூமே இல்லாதது. எங்க வீட்டுக் கணக்குல சொன்னா, காலையில மாவைப் பிசைஞ்ச உடனே கல்லுல தட்டிப் போடுற தேங்காய் ரொட்டி அசூமா, ராத்திரியே ஈஸ்ட்டோ கள்ளோ போட்டுக் கரைச்சு வச்சு விடியக்காலையில பொங்கி நிக்கிற அப்ப மாவு சூமே. அம்மா அந்த அப்பச் சட்டியை வைக்கிறதுக்கு முன்னாடி மாவுப் பானையோட மூடியைத் தூக்கும்போது மேல சின்னச் சின்னக் குமிழி வெடிச்சுக்கிட்டே இருக்கும், ஒரு புளிச்ச வாசம் முகத்துல அடிக்கும். கூனே தன்னோட சொல்லை அந்த மாதிரி ஒரு பானைக்குள்ள இருந்துதான் எடுத்திருக்காரு. இன்னும் வேரைத் தேடிப் போனா, சூமேக்கு லத்தீன்ல ரசம், குழம்புக்குச் சொல்ற யூஸ்ங்கிற சொல்லும் சமஸ்கிருதத்துல யூஷங்கிற சொல்லும் சொந்தம், இங்கிலீஷ்ல நாம குடிக்கிற ஜூஸும் அந்த லத்தீன் சொல்லு வழியா வந்ததுதான்.

ஆனா கதை அங்க முடியல. கூனே உயிருள்ளதை ஒரு பக்கம், உயிரில்லாததை ஒரு பக்கம்னு பிரிச்சு வச்சாரு இல்லையா, 1897ல அந்தச் சுவரும் இடிஞ்சிடுச்சு. எடுவார்ட் புக்னர்ங்கிறவரு ஈஸ்ட்டை மணலோட சேர்த்து அரைச்சு, பிழிஞ்சு, ஒரு துளி உயிரும் இல்லாத சாறா எடுத்தாரு. மருந்து விஷயமா ஏதோ பார்க்கத்தான் எடுத்தது. அது கெட்டுப் போகாம இருக்கணும்னு, ஜாம்ல சீனி போடுற மாதிரி நிறையச் சீனியைப் போட்டு வச்சாரு. பார்த்தா சாறு குமிழி விடுது! ஈஸ்ட்டே இல்ல, ஆனா சீனி மதுசாரமா மாறிக்கிட்டு இருக்கு. உயிருள்ள ஃபெர்மெண்ட்டுக்குள்ளயும் வேலை செய்றது என்சைம்தான்னு அன்னைக்கு வெளிச்சமாச்சு, 1907ல அவருக்கு நோபல் பரிசும் கிடைச்சிச்சு. புளிச்ச மாவுக்குள்ள இருக்கிறதுங்கிற பேரு, வச்சவரு நினைச்சதை விட 21 வருஷம் கழிச்சு இன்னும் நல்லாப் பொருந்திப் போச்சு.

இப்ப உங்க பெக்டரிக்கு வர்றேன். இலங்கையில முதல்ல வியாபாரத்துக்குத் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்டது 1867ல. ஆரம்பத்துல பங்களா வராந்தாவுல மேசை போட்டு, ஆளுங்க கையாலயே, மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் வச்சு உருட்டினாங்க, கரி அடுப்புல வறுத்தாங்க. உருட்டின இலையைக் கொஞ்ச நேரம் நிறம் மாற விட்டு வைக்கிற அந்த வேலை அன்னைக்கே இருந்திச்சு. கூனே என்சைம்ங்கிற சொல்லை உண்டாக்கினது அதுக்கு 9 வருஷம் கழிச்சு! உருட்டின கைகளுக்கு வேற சொல்லு கிடைச்சிருக்கவே வழியில்ல. அதோட 1901ல கல்கத்தாவுல ஹரோல்ட் மான்ங்கிற விஞ்ஞானி தேயிலைக்குள்ள இருக்கிற இந்தப் பொருளைப் பத்தி எழுதி வெளியிட்டப்ப அவரே தலைப்புல போட்டது தேயிலையோட ஃபெர்மெண்ட்டுன்னுதான், அவரு சொன்னது இன்னைக்கு நாம என்சைம்னு சொல்றதைத்தான். ரஷ்ய மொழியில இன்னைக்கு வரைக்கும் பாடப் புத்தகத்துலயே என்சைமுக்குப் பேரு ஃபெர்மெண்ட்தான். ஃபெர்மெண்ட் செய்ற வேலை பெர்மண்டேஷன், இதுல எங்க பிழை இருக்கு? விஞ்ஞானம் வீடு மாறிப் போயிடுச்சு, பெக்டரி பழைய வீட்டுலயே இருக்கு, அந்த வீடும் ஒரு காலத்துல விஞ்ஞானம் குடியிருந்த வீடுதான்.

நான் சின்னப் பிள்ளையில மாமாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க பெக்டரிக்குப் போவேன். பெர்மண்டிங் ரூம் வாசல்ல நின்னாலே காலுக்குக் குளிரும், ஈரமான சிமெந்துத் தரை, காத்துல ஈரம், நசுங்கின இலை மெல்லிசாப் பரப்பி இருக்கும். முதல்ல பச்சைப் புல்லு வெட்டின வாசம் அடிச்சுக்கிட்டே இருக்கும், அப்புறம் எந்த நிமிஷம்னு சொல்ல முடியாது, அது மாறி பழ வாசம் மாதிரி ஒண்ணு வரும். டீமேக்கர் ஐயா ஒரு பிடி அள்ளி ரெண்டு கையாலயும் பொத்தி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்த்துட்டு, ஒண்ணும் பேசாம டிரையர் பக்கம் தலையை ஆட்டுவாரு. உடனே எல்லாரும் ஓடுவாங்க. அந்தச் சூட்டுல என்சைம் வேலை செய்ய முடியாமப் போகும், நிறம் அந்த இடத்துல நின்னுடும். கொஞ்சம் முந்தினா தேத்தண்ணி பச்சை வாடை, பிந்தினா மந்தம். புத்தகத்துல ரெண்டு வரியில வர்ற விஷயத்தை நீங்க 22 வருஷமா மூக்காலயும் கையாலயும் படிச்சிருக்கீங்க அண்ணே, இதையும் மகள்கிட்ட சொல்லுங்க. அவளை ஒரு நாள் கூட்டிக்கிட்டுப் போய் அந்த ரூம்ல நிக்க வைக்க அனுமதி கிடைச்சா இன்னும் நல்லது. பரீட்சையில மட்டும் ஒட்சியேற்றம்னுதான் எழுதணும், அதுல மாத்தம் வேணாம்.

கேள்வி: எல்லா என்சைம் பேரும் ஏஸ், ஏஸ்னு முடியுது, பெப்சின் மட்டும் ஏன் அப்பிடி இல்ல? (பண்டாரவளை, ஏ.எல். மாணவி)

பதில்: மேல சொன்ன பாயனும் பெர்சோவும் 1833ல கண்டுபிடிச்ச தூளுக்கு டயஸ்டேஸ்னு பேரு வச்சாங்க தங்கச்சி, கிரேக்கத்துல டயாஸ்டாசிஸ்னா பிரிக்கிறது, பிரிஞ்சு நிக்கிறது. அதுல கடைசித் துண்டுக்குத் தனியா அர்த்தம் ஒண்ணும் கிடையாது, சும்மா சொல்லோட வால்தான். ஆனா 1800கள் முடியிற நேரத்துல எமில் டுக்லோங்கிற பிரெஞ்சுக்காரரு, முதல்ல கிடைச்ச அந்த என்சைமை மதிச்சு அந்த வாலையே எல்லாத்துக்கும் மாட்டலாம்னு சொன்னாரு. அன்னையில இருந்து எது மேல வேலை செய்யுதோ அதோட பேரு, பின்னால ஏஸ். பெப்சினும் டிரிப்சினும் அந்த ஏற்பாட்டுக்கு முன்னாடியே பேரு வாங்கிட்டதால தப்பிச்சிடுச்சு, பெப்சினுக்கு வேர் பெப்சிஸ், சமிபாடு.

லைப்பேஸ் வந்தது லிப்போஸ்ல இருந்து, கொழுப்பு. ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது அமைலேஸ். அமுலோன்னா கிரேக்கத்துல மாப்பொருள், ஆனா நேரடி அர்த்தம் ஆலையில அரைக்காதது. முலேங்கிறது ஆலை, முன்னால அ வந்தா இல்லைன்னு அர்த்தம். தானியத்தைத் திருகையில அரைக்காம தண்ணியில ஊற வச்சுக் கசக்கி, அடியில தெளிய விட்டு எடுத்த மாவுக்கு அந்தப் பேரு. மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் பிழிஞ்சு சட்டியில வச்சா அடியில வெள்ளையா உறையுமே, அதைப் பார்த்திருந்தா இந்தச் சொல்லு உங்களுக்கு மறக்கவே மறக்காது.

யூரியாவை உடைக்கிற யூரியேஸ் பத்தியும் ஒரு வார்த்தை. ஜேம்ஸ் சம்னர்னு ஒரு அமெரிக்கர், 17 வயசுல வேட்டை விபத்துல இடது கையை இழந்தவரு, அதுவும் அவரு இடது கைப் பழக்கக்காரரு. ஒத்தைக் கையோட ரசாயனம் படிக்க முடியாதுன்னு சொன்னவங்களுக்கு நடுவுல படிச்சு, நம்ம வாளவரைக்குச் சொந்தமான ஒரு அவரைக் கொட்டையை அரைச்சு அரைச்சு 9 வருஷம் போராடி, 1926ல யூரியேஸைப் பளிங்கா எடுத்துக் காட்டினாரு. என்சைம்ங்கிறது புரதம்னு உலகம் நம்பினதுக்கு அதுதான் முதல் அடி. நோபல் பரிசு 1946ல. பரீட்சைக்கு இது வராது, ஆனாலும் தெரிஞ்சு வச்சுக்கங்க.

கேள்வி: ஈஸ்ட்டும் இந்தச் சூமேயில இருந்து வந்ததா? (ஹட்டன், பேக்கரி வச்சிருக்கிறவர்)

பதில்: இல்ல அண்ணே, அது வேற வேர். ஈஸ்ட் பழைய இங்கிலீஷ் சொல்லு, நுரைக்கிறது, கொதிக்கிறதுங்கிற வேர்ல இருந்து வந்தது. அதே வேர் கிரேக்கத்துல செயின்னு போய், கொதிக்கிறதுன்னு நின்னு, எக்ன்னா வெளியங்கிறதோட சேர்ந்து எக்ஸிமா ஆயிடுச்சு. தோல்ல வெளியே கொதிச்சுக் கிளம்புறதுன்னு அர்த்தம். உங்க மாவுத் தொட்டியும் தோல் டாக்டரோட சீட்டும் ஒரே வேர்! இன்னொண்ணு, நீங்க விக்கிற பாண் இருக்கே, அது போர்த்துக்கீசர் விட்டுட்டுப் போன சொல்லு, அதுக்குப் பின்னால லத்தீன் பானிஸ். லயத்துக் காம்பராவும் அப்பிடித்தான், போர்த்துக்கீசு வழியா லத்தீன் கமெரா, வளைஞ்ச கூரை போட்ட அறை. லத்தீன் கிரேக்கம்னா ஏதோ சீமையில படிக்கிறதுன்னு நினைக்கிறோம், காலையில பாண் வாங்கும்போதே அதைத்தான் பேசிக்கிட்டு இருக்கோம்.

கேள்வி: என்சைமுக்கு நம்ம புத்தகத்துல நொதியம்னு இருக்கு, இந்தியப் புத்தகத்துல நொதின்னு இருக்கு. எது சரி? ஒட்சிசன்னு எழுதுறதா ஒக்சிஜன்னு எழுதுறதா? (பதுளை, ஆசிரியை)

பதில்: ரெண்டும் நொதிக்கிறதுங்கிற ஒரே வினையில இருந்து வந்ததுதான் டீச்சர், புளிச்சுப் பொங்குறது. தமிழ்ல பேரு வச்சவங்களும் கூனே போன வழியிலயே போயிருக்காங்க, பொங்குற மாவைப் பார்த்து. எனக்கு நொதியம்தான் பிடிக்கும், படிச்ச பழக்கமும் இருக்கலாம், ஆனா அதுல ஒரு பொருளோட பேருங்கிற பாரம் இருக்கு. பிள்ளைகளுக்கு இங்கத்தைய பரீட்சையில இங்கத்தைய சொல்லுதான், அதுல குழப்பாதீங்க.

ஒட்சிசன் விஷயத்துல எழுத்தை விட அர்த்தம்தான் எனக்கு முக்கியமாப் படுது. 1777ல லவோசியேங்கிற பிரெஞ்சு ரசாயனக்காரரு வச்ச பேரு, ஒக்சுஸ்னா புளிப்பு, கூர்மை, கடைசித் துண்டு பிறப்பிக்கிறது. எல்லா அமிலத்துக்கும் இதுதான் தாய்னு அவரு நம்பினாரு. 1810ல ஹம்ப்ரி டேவிங்கிற இங்கிலீஷ் ரசாயனக்காரரு, ஐதரோகுளோரிக் அமிலத்துல ஒட்சிசனே இல்லைன்னு காட்டிட்டாரு. பேரு மட்டும் அப்பிடியே நின்னுடுச்சு. பெர்மண்டிங்னு சொல்ற பெக்டரிக்காரங்களைத் திருத்துறவங்க, ஒட்சிசன்னு சொல்லும்போதும் அதே மாதிரி ஒரு பழைய நம்பிக்கையைத்தான் உச்சரிக்கிறாங்க. தமிழ்ல இந்த மாதிரிச் சொல்லுகளோட போராடினது இன்னைக்கு நேத்து இல்ல, 19ஆம் நூற்றாண்டுலயே யாழ்ப்பாணம் மானிப்பாயில சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் டாக்டர் மேல்நாட்டு வைத்தியப் புத்தகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து தமிழ்லயே டாக்டர்மாரைப் படிப்பிச்சிருக்காரு. அதைப் பத்தித் தனியா எழுதணும்.

கேள்வி: 31 வருஷம் கொழுந்து பறிச்சேன் ஐயா, பேரன்தான் இதை எழுதுறான். பச்சை இலை, கறுப்புத் தூளு, சிவப்புத் தேத்தண்ணி. அந்தச் சிவப்புக்கு ஏதாவது பேரு இருக்கா? (மஸ்கெலியா, ஓய்வு பெற்ற அம்மா)

பதில்: இருக்கும்மா, ரெண்டு பேரு இருக்கு. பெர்மண்டிங் ரூம்ல அந்தக் கட்டெச்சின் மாறும்போது முதல்ல வர்றது தியாஃப்ளேவின், பிறகு தியாருபிஜின். தியான்னா தேயிலை, லின்னேயஸ்ங்கிற தாவரவியல்காரரு 1753ல செடிக்கு வச்ச பழைய லத்தீன் பேரு. ஃப்ளேவுஸ்னா மஞ்சள், பொன் நிறம். ரூபிகோன்னா துரு, இரும்புல பிடிக்கிற அந்தச் செந்துரு.

அந்தத் துருவுலதான் உங்க மலையோட கதையே இருக்கும்மா. ரோமாபுரியில கோதுமைப் பயிர்ல ஒரு நோய் வரும், இலையெல்லாம் துருப் பொடி தூவின மாதிரி ஆகும், அதுக்கும் இதே பேருதான் வச்சாங்க, அந்தப் பேர்ல ஒரு தெய்வமே இருந்திச்சு, ஏப்ரல் 25ஆம் தேதி திருவிழா எடுத்து ஒரு நாயைப் பலி கொடுத்து, எங்க பயிரைத் தொடாதேன்னு கும்பிட்டாங்க. பயிரை நம்பி வாழ்ந்தவங்களோட பயம் அது, நமக்குப் புரியாததா? அதே சாதித் துரு 1869ல இந்த மலைக்கு வந்திச்சு. அப்ப இங்க தேயிலை பேருக்குக் கொஞ்சந்தான், கண்ணுக்கெட்டின தூரமெல்லாம் கோப்பிதான், உங்க முன்னோர் தமிழ்நாட்டுல இருந்து நடந்து வந்தது கோப்பித் தோட்டத்துக்குத்தான். இலைக்கு அடியில மஞ்சளும் செம்மையுமாப் பொடி படிஞ்சு, இலை கொட்டி, மரம் மொட்டையா நின்னு, இருபது வருஷம் ஆகுறதுக்குள்ள கோப்பி போயே போச்சு. அந்தப் பூஞ்சணத்துக்கு மைல்ஸ் பெர்க்லிங்கிற பாதிரியார் வச்ச பேரு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ். ஹெமின்னா பாதி, லெயோஸ்னா வழுவழுப்பு, அதோட வித்தியை, அதாவது பூஞ்சணம் பரவுறதுக்கு விடுற பொடியை, நுணுக்குக்காட்டிக்கு அடியில பார்த்தா ஒரு பக்கம் வழுவழுன்னும் மறுபக்கம் முள்ளு முள்ளாவும் இருக்கும். வாஸ்டாட்ரிக்ஸ்னா அழிக்கிறவ. பெண்பால்ல வச்சிருக்காங்க.

ஒரு துரு கோப்பியை அழிச்சதாலதான் மலை முழுக்கத் தேயிலை வந்திச்சு, அந்தத் தேயிலையோட சிவப்புக்குப் பிறகு வந்த விஞ்ஞானிகள் வச்சதும் துருவோட பேருதான். வேணும்னு அப்பிடி வைக்கல, நிறத்தைப் பார்த்து வச்சதுதான், ஆனா எனக்கு அதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

பேரன்கிட்ட சொல்லி ஒரு பிளேன்டீயை வெள்ளைக் கோப்பையில ஊத்தச் சொல்லுங்க. ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க, ஓரத்துல கோப்பையை ஒட்டினாப்புல பொன் வளையம் மாதிரித் தெரியுறதுல தியாஃப்ளேவினோட பங்கு இருக்கு, நடுவுல ஆழமாச் சிவந்து நிக்கிறது பெரும்பாலும் தியாருபிஜின். ஒரு துண்டு தேசிக்காய் பிழிஞ்சா கண்ணு முன்னாடியே சிவப்பு வெளுக்கும், அந்தத் துரு நிறத்துக்குப் புளிப்புப் பட்டா அப்பிடித்தான். பிழியிறதுக்கு முன்னாடி சீனி போடாம ஒரு வாய் குடிச்சுப் பாருங்கம்மா.